மூன்றாவது கொடியின் கிழக்குக் கை

மருந்துக் கோப்பையை உயர்த்தி, திராட்சைப் பூங்கொத்தை அதற்குள் முழுசாக இறக்கி, மனசுக்குள் மூன்று எண்ணி, கோப்பையைக் கீழே கொண்டுவந்து, காம்பில் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டி, பிறகு ஒரு காதை வெட்ட வேண்டும். இதுதான் வேலை. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், அண்ணாந்து நிற்கக் கழுத்து இருந்தால் போதும். மதியச் சாப்பாடு முடிந்து நான்காவது கொடிக்குக் கீழே வந்ததிலிருந்து வீரணன் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். ஒவ்வொரு கொத்துக்கும் ஒழுங்காக மூன்று எண்ணுகிறான், மூன்றாவது எண்ணுக்கு வரும்போது கண் தன்பாட்டுக்கு இடது பக்கம் திரும்பி, இலைகளுக்கு ஊடே போய், மூன்றாவது கொடியின் கிழக்குக் கையில், கிழக்கே படரவிட்ட பெருங்கிளையில், நிற்கிறது. அதட்டி இழுத்துவந்தால் வருகிறது, அடுத்த கொத்துக்கு மறுபடியும் போய்விடுகிறது. அங்கே நூற்றுப் பதினெட்டுக் கொத்துகள் தொங்குகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரு காதுதான் இருக்கிறது. பார்க்கிற யாரும் சுத்தமாக முடிந்த வேலை என்றுதான் சொல்வார்கள். அதில் எத்தனை கொத்து மருந்தில் முங்கியது, எத்தனை முங்கவில்லை என்பது இந்த உலகத்தில் ஒரு ஆளுக்கும் தெரியாது. வெட்டிய வீரணனுக்கே தெரியாது.

காது என்பது அவனாக வைத்துக்கொண்ட பேர். பூ விடும் சமயத்தில் கொத்தின் நுனியில் விரல் நீளத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே உள்ள கிளைப்பூவை எல்லாம் உருவிப்போடுவார்கள்; காம்போடு ஒட்டி இரண்டே இரண்டு குட்டிக் கிளையை மட்டும் அடையாளத்துக்கு விட்டுவைப்பார்கள். விதையில்லாமல் காய் பிடிப்பதற்கான மருந்தில் முதல் தடவை முக்கியதும் ஒன்றை வெட்டுவது, பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாம் தடவை முக்கியதும் மற்றதை வெட்டுவது. எல்லாக் கொத்தும் ஒரே நாளில் பூப்பதில்லை, இன்றைக்கு நாலு நாளைக்கு ஏழு என்று அதுஅது இஷ்டத்துக்கு விரியும், ஆகவே அண்ணாந்து பார்த்தவுடன் எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரிய இது ஒரு ஏற்பாடு. மருந்தில் சிவப்புச் சாயம் கலந்துகொள்கிற தோட்டங்கள் உண்டு. இந்த ஜப்பான் தோட்டத்துக்காரி ஓகுரா சான் கலப்பதில்லை; சான் என்பது இங்கே பேரோடு சேர்க்கும் மரியாதை. சாயத்தை நம்பினால் கண் சோம்பேறியாகிவிடும் என்பது அந்த அம்மாளின் கட்சி. அவன் ஊர் சுருளிப்பட்டியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கேயும் பந்தல்தான், அங்கேயும் அண்ணாந்துதான் வேலை, ஆனால் கொத்தை யார் ஒன்று ஒன்றாகப் பார்த்தது. வெட்டி டிரேயில் போட்டு லாரியில் ஏற்றினால் கேரளாக்காரன் தின்றுவிட்டுப் போகிறான். இங்கே ஒரு கிளைக்கு ஒரே கொத்து. அந்தக் கொத்தில் நாற்பது காய்க்கு மேல் இருக்கக்கூடாது. அதைக் காகித உறையில் போட்டு மூடி, செப்டம்பரில் மரப்பெட்டியில் படுக்கவைத்து, மூடியில் ஓகுரா சானின் பேரையும் படத்தையும் ஒட்டி அனுப்புகிறார்கள். வாங்குகிறவன் தின்பதில்லை, வேறு யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறான். போன வருடம் இதையெல்லாம் வீடியோவில் காட்டியபோது ஊரிலிருக்கும் பெண்டாட்டி வைரமணி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு கொத்துக்கு ஒரு பொட்டியா மாமா, அங்கன திராட்சைக்குச் சீமந்தமா நடத்துறாக என்றாள். அப்போது அவள் உண்டாகியிருக்கவில்லை. நவம்பரில் அவன் லீவில் போய் வந்த பிறகுதான் அது.

மூன்று. தட்டு. வெட்டு. முக்கிய பிறகுதான் வெட்டு, இதைச் சொல்லிச் சொல்லி வேலை செய்ய வேண்டியிருக்கிறது இன்றைக்கு. நேற்றுக் காலை பத்து மணிக்குச் சட்டைப்பையில் போன் அடித்தபோது அவன் கிழக்குக் கையில் இருபதாவது கொத்தை முடித்திருந்தான். அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் இருபதாவது கொத்துக்குப் பக்கத்தில்தான் இரும்புக் கம்பம் இருக்கிறது, அந்தக் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பேசினான். வைரமணியின் தம்பி சன்னாசி. மச்சான், என்றான். ஊரில் காலை ஆறரை மணி இருக்கும், ஒரு பஸ் ஹாரன் கேட்டது, டீக்கடையில் நின்று பேசுகிறான் என்று நினைத்தான் வீரணன். மச்சான், பிள்ள தங்கல மச்சான். ராத்திரி வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தோம், ஏழு மாசந்தான, உள்ளயே துடிப்பு நின்னுருச்சாம், அக்கா நல்லாருக்கு, தூங்குது, நீங்க ஒண்ணும் நெனைக்காதீக. சரி என்றான் வீரணன். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீங்க வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல, என்றான் சன்னாசி. சரி. சாப்பிட்டீகளா மச்சான் என்று எதற்கோ கேட்டான், சாப்பிட்டேன் என்று இவனும் சொன்னான். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு நடந்ததில் அவனுக்கு ஞாபகம் இருப்பது கிழக்குக் கையின் கடைசிக் கொத்துதான். இடது கையில் கோப்பை, வலது கையில் கத்தரி, கோப்பை காய்ந்து கிடக்கிறது, அண்ணாந்து பார்த்தால் நூற்றுப் பதினெட்டுக்கும் ஒரு காது போய்விட்டது. இடையில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போனது என்று யாரைப் போய்க் கேட்பது.

மருந்துக் கேனைப் பார்த்தான் நேற்றே. பாதிக்கு மேல் இருந்தது. அப்படியென்றால் பாதிக்குப் பாதியாவது முக்கியிருக்கிறான். அப்படியும் சொல்ல முடியாது, காலையில் கேன் முழுசாக இருந்ததா என்று பார்க்கவில்லை. ஒருவேளை எல்லாவற்றையும் முக்கிவிட்டுக் கடைசியில் கோப்பை தீர்ந்திருக்கலாம். அப்படியும் இருக்கலாம் அல்லவா, பழகின கை, கை தன் வேலையைச் செய்திருக்கும். ஆனால் பழகின கைதான் முந்தின வாரம் பூராவும் வெறும் கத்தரியை வைத்துக்கொண்டு கிளைப்பூவை வெட்டிக்கொண்டே போனது, அந்தப் பழக்கத்தில் கோப்பையைச் சும்மா பிடித்துக்கொண்டு காதை மட்டும் வெட்டிக்கொண்டு போயிருந்தால். இன்று காலை ஆறு மணிக்கே வந்து ஒவ்வொரு கொத்தாக மோந்து பார்த்தான். மருந்துக்கு வாசம் கிடையாது என்று தெரிந்தும் மோந்து பார்த்தான். நாக்கை வைத்தும் பார்த்தான், கசக்கவும் இல்லை இனிக்கவும் இல்லை. எதற்கு வம்பு, எல்லாவற்றையும் இன்னொரு தடவை முக்கிவிடலாம் என்றால் ஏற்கெனவே முங்கியது இரண்டாம் தடவையும் குடித்துக் காம்பு கட்டையாகி முறுக்கிக்கொள்ளும், பெட்டியில் படுக்காது. முக்காமல் விட்டுவிடலாம் என்றால் முங்காதது பாதி உதிரும், மீதி விதை வைக்கும். பூ விரிந்து மூன்று நாளைக்குள் முக்க வேண்டும். கிழக்குக் கை மட்டும் இந்த வருடம் ஒரே மூச்சில் விரிந்தது, இன்று மூன்றாவது நாள். நாளைக்கு மழை என்கிறது ரேடியோ. ஆக இன்று சாயங்காலத்துக்குள் ஒன்று செய்தாக வேண்டும், செய்வதற்கு ஒன்றும் இல்லை. கணக்கு இந்த இடத்துக்கு வந்ததும் மாடு மாதிரி நின்றுவிடுகிறது. பிறகு மறுபடியும் கேனில் இருந்து தொடங்குகிறது.

ஓகுரா சான் அந்தப் பக்கம் ஏழாவது கொடிக்குக் கீழே இருக்கிறாள். தலையில் துண்டு, துண்டுக்கு மேல் தொப்பி, கழுத்தில் தொங்கும் சின்ன ரேடியோவில் யாரோ சளசளவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் டவுனில் ஆபீஸ் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து புல் வெட்டிக் கொடுப்பார், மற்றபடி தோட்டம் அவள் கையில்தான். கிழக்குக் கைக்கு என்று ஒரு பழக்கடைக்காரர் நகரத்திலிருந்து பதினோரு வருடமாக வருகிறார். கோட்டுப் போட்டுக்கொண்டு ஆகஸ்டில் வருவார், பந்தலுக்கு அடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், ஒன்றும் பேசமாட்டார், போகும்போது இந்தக் கை முழுவதும் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் கடையில் வாங்கிய பெட்டியை யாரோ ஒரு பெரிய மனிதர் திறந்து, ஒரு பழத்தை வாயில் போட்டு, பல்லில் விதை கடித்தால் என்ன ஆகும் என்பதை வீரணன் காலையிலிருந்து நூறு தடவை பார்த்துவிட்டான். அந்த மனிதர் துப்புகிறார். பெட்டி மூடியில் ஓகுரா சான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டாவது வருடம் கோட்டுக்காரர் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார், அதுதான் இந்த ஊர் வழக்கம். சொல்லிவிட்டால் என்ன என்கிறது மனசு. சொன்னால் அடுத்த மாதம் அவன் வேலை நீட்டிப்புக்கு அவள் போட வேண்டிய கையெழுத்து இருக்கிறது. சொல்லாவிட்டால் பன்னிரண்டு நாளில், இரண்டாம் தடவை முக்க வரும்போது, தானாகவே தெரிந்துவிடும், அப்போது காய் பாதி உதிர்ந்திருக்கும். அதற்குள் கையெழுத்து வாங்கிவிட முடியுமா என்று ஒரு கணம் யோசித்தான், யோசித்ததற்காக வெட்கப்பட்டான், வெட்கம்கூட எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டில் யாரையோ திட்டுகிற சத்தம் மாதிரித்தான் கேட்டது. நேற்றிலிருந்து எல்லாமே அப்படித்தான் கேட்கிறது. ராத்திரி அறையில் சோறு வடித்தான், ரசம் வைத்தான், உப்புப் போட மறந்து அதையே சாப்பிட்டான். அழுகை வரும் என்று பாத்திரம் கழுவிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தான், விருந்தாளிக்குக் காத்திருப்பது போல. வரவில்லை, தூக்கம்தான் வந்தது. நன்றாகத் தூங்கினான். அதுதான் அவனைப் பயமுறுத்துகிறது. தன் பிள்ளை செத்த அன்றைக்கு ஒருத்தன் எட்டு மணி நேரம் அசந்து தூங்குவானா.

வைரமணியோடு இன்னும் பேசவில்லை. அக்கா தூங்குது என்று சன்னாசி சொன்னதைப் பிடித்துக்கொண்டு நேற்றுப் பூராவும் அவளைத் தூங்கவிட்டாயிற்று. சாயங்காலம் போனை எடுத்தான், அவள் பேரைத் தொடும் வரைக்கும் விரல் போனது, பாவம் தூங்கட்டும் என்று வைத்துவிட்டான். பாவம் அவளுக்கா இவனுக்கா. பேசினால் என்ன சொல்வது. விடு, அடுத்தது பாத்துக்கலாம் என்பதா. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, இப்ப ஒதைக்கிது பாருங்க மாமா, அய்யய்யோ நின்னுருச்சு, இருங்க மறுபடி ஒதைக்கும் என்று போனை வயிற்றுக்கு நேராகப் பிடித்தபடி பத்து நிமிடம் காத்திருந்தாளே போன மாதம், அவனும் இங்கே அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தானே, அது உதைக்கவே இல்லை, ஒங்கப்பன் மாதிரி அழுத்தக்காரப் பிள்ள என்று வயிற்றைச் செல்லமாக அடித்தாளே. அது அப்போதே போய்விட்டதோ. இல்லை இல்லை, அதற்குப் பிறகும் உதைத்தது, அவளே சொன்னாள். மூன்று. தட்டு. வெட்டினானா முக்கினானா. வீரணன் நின்றுவிட்டான். கோப்பையைப் பார்த்தான், கொத்தைப் பார்த்தான். கொத்து நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, காது இரண்டும் இருந்தது. முக்கிவிட்டான், வெட்டவில்லை. வெட்டினான். கை நடுங்கவில்லை. நடுங்கினால்கூடத் தேவலை என்றிருந்தது.

மூன்று மணிக்கு ஓகுரா சான் ரேடியோவை அணைத்துவிட்டுத் தேநீர் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள். பந்தலுக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட இரண்டு பெட்டிகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவள் அரிசி பிஸ்கட் ஒன்றை நீட்டினாள். வீரணன் வாங்கிக்கொண்டு, வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டான். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து அடுக்கிவைத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. தெரிந்த ஜப்பானிய வார்த்தைகளைக் கையில் கிடைத்தபடி எடுத்துப் போட்டான்.

"மூன்றாவது கொடி. கிழக்கு. நேற்று நான் தவறு. முக்காமல் வெட்டினேன். எது என்று தெரியாது. மன்னிக்கவும்."

ஓகுரா சான் தேநீரைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கிழக்குக் கைக்கு அடியில் நின்று அண்ணாந்தாள். ஒரு கொத்தை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், அதற்கு அடுத்ததைப் பார்த்தாள். வீரணன் பின்னால் நின்றான்.

"ஒன்றுகூடத் தெரியாதா?"

"கம்பம் வரை தெரியும். இருபது. சரியாக முக்கினேன்."

"அதற்குப் பிறகு?"

"தெரியாது."

அவள் கொண்டையைச் சரிசெய்வதுபோலத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து, கம்பத்துக்கு அடுத்த கொத்தை, இருபத்தொன்றாவதை, காம்போடு வெட்டினாள். அது சத்தமில்லாமல் புல்லில் விழுந்தது.

"தெரியாததை என் பேர் போட்ட பெட்டியில் வைக்க முடியாது, பீரனான் சான்," என்றாள். அவள் வாயில் அவன் பேர் இரண்டு வருடமாக அப்படித்தான். "இருபது போதும். கடைக்காரருக்கு நான் கடிதம் எழுதுகிறேன். அந்த முனையிலிருந்து நீங்கள் வெட்டி வாருங்கள்."

தொண்ணூற்றெட்டுக் கொத்துகள். வீரணன் கடைசியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தான், அவள் கம்பத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனாள். இதற்கு எண்ண வேண்டியதில்லை, தட்ட வேண்டியதில்லை, வெட்டினால் விழுந்துவிடும். திட்டுவாள் என்று நினைத்தான், திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் வலித்திருக்கும். மேலே இலைகள் மட்டும் மிஞ்சிய கொடி நன்றாகத்தான் இருந்தது. எதுவும் நடக்காதது போல இருந்தது. நடுவில் இரண்டு பேரும் சந்தித்தபோது அவள் கடைசிக் கொத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். அவன் வெட்டினான்.

"அடுத்த வருடம் இந்தக் கையை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றாள் ஓகுரா சான். அவள் சொன்னதில் அடுத்த வருடம் என்பது மட்டும்தான் அவனுக்கு முதலில் கேட்டது, மிச்சம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. "நீங்கள் இப்படிச் செய்கிற ஆள் இல்லை. நேற்று என்ன ஆயிற்று?"

இதற்கு இரண்டு வாக்கியம் வேண்டும். இரண்டும் அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். முதல் வாக்கியத்தைச் சொன்னான்.

"நேற்று எனக்குக் குழந்தை பிறந்தது."

இரண்டாவது வாக்கியத்துக்கு வாய் திறப்பதற்குள் ஓகுரா சானின் முகம் பூராவும் மலர்ந்துவிட்டது. அவள் சிரித்து அவன் அதிகம் பார்த்ததில்லை, பெட்டி மூடியில் தவிர. "அட, அதுதானா," என்று கத்தரியை இடுப்பில் செருகினாள். இடுப்பை வளைத்துக் குனிந்து வாழ்த்துச் சொன்னாள். "அப்படியானால் கை எப்படி நிலையில் இருக்கும். என் கணவர் எங்கள் மூத்தவள் பிறந்த அன்று ஸ்கூட்டரை வாய்க்காலில் விட்டார். முதலிலேயே சொல்லக்கூடாதா? ஆணா, பெண்ணா?"

வீரணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் அது தெரிந்தது. அவனுக்குத் தெரியாது. சன்னாசி சொல்லவில்லை, இவன் கேட்கவில்லை. சரி என்றான், சரி என்றான், சாப்பிட்டேன் என்றான். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. ஒரு பகல், ஒரு ராத்திரி, இன்னொரு பகல் முக்கால்வாசி போய்விட்டது, அவன் மனசுக்குள்ளேகூட அது வெறும் பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. நேற்றே மண்ணுக்குள் வைத்திருப்பார்கள். யார் தூக்கிப் போனார்கள், எங்கே, எதுவும் கேட்கவில்லை. நெஞ்சுக்கூட்டில் எங்கோ ஒரு இடத்தில் முதல் தடவையாகக் குத்தியது.

"தெரியாது," என்றான்.

அவள் தான் கேட்டது புரியவில்லை போலும் என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை கேட்டாள். ஆண் குழந்தையா, பெண் குழந்தையா. வீரணன் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு, அந்த இடத்திலேயே நின்றபடி, போனை எடுத்து வைரமணியின் பேரைத் தொட்டான். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல.

"மாமா," என்றாள்.

"வைரம். என்ன பிள்ள?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தான், வைக்கவில்லை.

"ஒருத்தரும் கேக்கல மாமா," என்றாள். "எங்க ஆத்தா கேக்கல. அய்யா கேக்கல. எல்லாரும் மறந்துரு மறந்துருங்கிறாக. நர்சம்மா துணியப் போத்தித் தூக்கிட்டுப் போகப் பாத்துச்சு, நான்தான் கையப் பிடிச்சு நிப்பாட்டிப் பாத்தேன். பொம்பளப் பிள்ள மாமா. தல நெறைய முடி."

"சரி," என்றான் வீரணன். இந்தத் தடவை அந்தச் சொல் பாதியில் உடைந்தது.

"வச்சிராதீக," என்றாள் அவள்.

"வைக்கல."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓகுரா சான் பக்கம் திரும்பினான். அவள் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, நல்ல சேதிக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றாள். சொல்ல வேண்டிய இரண்டாவது வாக்கியம் நாக்கில்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், அல்லது அதற்கு அடுத்த நாள். "பெண்," என்றான். ஓகுரா சான் கையைத் தட்டினாள். முன்னைவிடத் தாழ்வாகக் குனிந்து, இவ்வளவு தூரத்திலிருந்து தாய்க்கும் கேட்க வேண்டும் என்பதுபோலக் குரலை உயர்த்தி, மகளுக்கும் தாய்க்கும் என்று சேர்த்து வாழ்த்துச் சொன்னாள்.

"யாரு மாமா அது?" என்றாள் வைரமணி. "என்ன சொல்றாக?"

"தோட்டக்காரம்மா. பொம்பளப் பிள்ள பொறந்துருக்குன்னு சொன்னேன்." போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான். "வாழ்த்துச் சொல்றாக."

மின்விசிறி ஓடியது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க," என்றாள்.

வீரணன் ஓகுரா சானுக்கு முன்னால் தலை குனிந்து அதைச் சொன்னான்.